பாஸ்டன் தீர்மானங்கள்: கொடைக்கானலிலிருந்து பெய்ரூட்டை வாசித்தல்

பெருமாள்மலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் இரண்டு நாள் வாசிப்புப் பட்டறை. பதினெட்டுப் பேர் வந்திருந்தோம். எட்வர்ட் சயீதின் 'ஓரியண்டலிஸம்' நூலின் கடைசிப் பகுதியைப் பேசுவதாகத் திட்டம். அறிமுகம் செய்யும் வேலை என் தலையில். மேகம் இறங்கி ஜன்னல் கண்ணாடியை அடைத்துக்கொண்டிருந்தது. அரபுப் பல்கலைக்கழகங்கள் பற்றி சயீத் எழுதியிருக்கும் சில பக்கங்களைச் சுருக்கிச் சொல்லி முடித்தேன். வத்தலக்குண்டுப் பக்கம் விவசாயிகள் மத்தியில் வேலை செய்கிற தோழர் ஒருவர், கடைசி வரிசையிலிருந்து கேட்டார்: "எல்லாம் சரி தோழர். அரபு நாட்டுக் காலேஜ்ல என்ன நடந்தா நமக்கென்ன? அவன்ட்ட எண்ணெய் இருக்கு, காசு இருக்கு, அமெரிக்காக்காரனக் கூப்பிட்டு வச்சுப் பாடம் நடத்தச் சொல்றான். நாம இங்க பூண்டு வெலைக்கே அல்லாடிக்கிட்டு இருக்கோம்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அன்று சொல்லத் தெரியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். இன்னும் முழுசாகத் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

1978இல் வந்த அந்த நூலில் சயீத் சொல்வதன் சாரம் இது. அரபுலகின் பல்கலைக்கழகங்கள் பழைய காலனிய எஜமான் விட்டுச்சென்ற வார்ப்பில் ஓடுகின்றன. வகுப்பில் கூட்டம் நெரிகிறது, ஆசிரியருக்குச் சம்பளம் போதாது, நியமனத்தில் அரசியல், நூலகம் நோஞ்சான். தன் மொழியையும் தன் சமயத்தையும் பற்றி ஆழமாகப் படிக்க வேண்டுமென்றாலும் அரபு மாணவன் மேற்கே போக வேண்டும். தன்னைப் பற்றி அவர்கள் செய்துவைத்திருக்கும் அறிவை அவர்களிடமே கற்றுக்கொண்டு வந்து ஊரில் ஒப்பிக்க வேண்டும். ஊரில் அவன் பெரிய ஆள். அங்கே என்றைக்கும் 'தகவல் சொல்லி'. அமெரிக்காவில் அரபுலகை ஆராய எத்தனையோ நிறுவனங்கள். அரபுலகில் அமெரிக்காவை ஆராய ஒன்றும் இல்லை.

'அரபு' என்று இருக்கிற இடத்திலெல்லாம் 'தமிழ்' என்று போட்டு வாசித்துப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்களில் சயீதின் பெயர் அடிபட ஆரம்பித்தபோது அந்தப் பொருத்தம்தான் நம்மைக் கிறங்கடித்தது. (அமெரிக்காவை ஆராய நம் பக்கத்தில் ஒரு மையம் வரத்தான் செய்தது. ஹைதராபாத்தில், 1964இல். அதற்கும் அமெரிக்கப் பணம்தான்.) சயீத் இதைத் தன் உடம்பில் பட்டே எழுதினார். ஜெருசலேமில் பிறந்து, கெய்ரோவின் விக்டோரியா கல்லூரியில் படித்தவர். அரபி பேசினால் தண்டனை என்ற விதி இருந்த பள்ளி அது. பிறகு மாசசூசெட்ஸில் பள்ளி, பிரின்ஸ்டன், ஹார்வர்ட். இதையெல்லாம் 1999இல் வந்த தன்வரலாற்றில் விவரமாகச் சொல்கிறார்.

பட்டறைக்காக மறுபடி வாசித்தபோது எனக்கு இரண்டு இடத்தில் நெருடியது. சயீதின் அந்தப் பக்கங்களில் அரபு மக்கள் வெறுமனே வாங்கிக்கொள்கிறவர்கள். சண்டை போட்டவன், ராஜினாமா செய்தவன், எதிர்ப் பள்ளிக்கூடம் வைத்தவன் யாருமே அங்கே தென்படவில்லை. இன்னொன்று: அவர் பிரதிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டுகிறார்; ஆனால் ஒரு கல்லூரியை யார் திறப்பது, யார் மூடுவது, எந்த மொழியில் நடத்துவது என்று முடிவு செய்கிற அறை எங்கே இருக்கிறது என்பதற்குள் போவதில்லை. சொல்லாடலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அந்த அறையில் ஒரு மினிட் புத்தகமும் இருக்கிறதே.

அந்த அறை பாஸ்டனில் இருந்தது. கொடைக்கானல் உள்ளே வருவதும் இங்கேதான்.

மற்ற மலைவாசஸ்தலங்கள் பலவற்றை ஆங்கிலேய அதிகாரிகளும் ராணுவமும் உண்டாக்கினார்கள். கொடைக்கானலை உண்டாக்கியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். 1810இல் தோன்றிய, பாஸ்டனிலிருந்து இயங்கிய 'அமெரிக்கன் போர்டு' 1816இல் யாழ்ப்பாணத்தில் காலூன்றியது. அங்கிருந்து 1834இல் மதுரைக்கு வந்தது. மதுரையில் காலராவும் காய்ச்சலும் ஆட்களைக் கொண்டுபோனது. முதலில் சிறுமலையில் இடம் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல். பிறகு பழனிமலைக்கு ஏறி, 1845இல் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள்: 'சன்னிசைடு', 'ஷெல்டன்'. ஏரி வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1863இல், கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கட்டியது. மோட்டார் பாதை வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்திலிருந்து ஆட்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறிய பாதைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பேரே 'கூலி காட்'.

இதே அமெரிக்கன் போர்டு 1819இல் மத்தியதரைக் கடல் பக்கத்துக்கும் ஆள் அனுப்பியது. 1823இல் பெய்ரூட்டில் நிலையம். அதே 1823இல்தான் யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை செமினரி. ஒரே அறை, ஒரே கணக்குப் புத்தகம். ஒரு பக்கத்தில் அரபி, மறு பக்கத்தில் தமிழ். "நமக்கென்ன" என்று கேட்ட தோழருக்கு முதல் பதில் இதுதான்: பெய்ரூட்டும் நாமும் ஒரே நிர்வாகத்துக்குக் கீழே இருந்திருக்கிறோம்.

வட்டுக்கோட்டை செமினரி பேருக்குத்தான் செமினரி. தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம், கணிதம், வானவியல் எல்லாம் நடந்தது. அன்றைய ஆசியாவில் அந்தத் தரத்தில் இருந்த கல்விக்கூடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாணவனுக்கு அமெரிக்காவில் யாரோ ஒரு புண்ணியவான் பணம் கட்டுவார். மாணவனுக்கு அவர் பேரை வைப்பார்கள். 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். இருவரும் பச்சைத் தமிழர்கள். பேர் வைக்கிற உரிமை பணம் போட்டவனுக்கு. எளிமையான ஏற்பாடு, ஒளிவுமறைவே இல்லை. நம் காலத்தில் ஆய்வுத் திட்டத்துக்குப் பேர் வைக்கிறவர்கள் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை.

1854-55இல் போர்டின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரில் வந்தார். ஆங்கிலம் படித்த பையன்கள் கிறிஸ்தவத்துக்கு வருவதைவிட அரசாங்க உத்தியோகத்துக்குப் போவதுதான் அதிகம் என்று கண்டார். மிஷன் வேலைக்குத் தாய்மொழி போதும் என்பது அவர் கொள்கை. 1855இல் வட்டுக்கோட்டை மூடப்பட்டது. முப்பத்திரண்டு வருஷ வேலை, ஒரு விஜயத்தில் காலி. மதுரைப் பக்கத்திலும் அந்தக் காற்று அடித்தது. பசுமலை உபதேசியார்களைத் தமிழில் பயிற்றுகிற இடமாகச் சுருங்கியது. 1881இல்தான் அங்கே கல்லூரி வந்தது. 1904இல் மதுரைக்கு இடம் மாறி இன்று 'அமெரிக்கன் கல்லூரி'யாக நிற்பது அதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் வழக்கமான கதையாடலில் மேற்கத்தியன் வந்து ஆங்கிலத்தைத் திணிக்கிறான், நாம் தாய்மொழிக்காகப் போராடுகிறோம். வட்டுக்கோட்டையில் கதை தலைகீழ். பாஸ்டன்காரன் "உங்களுக்குத் தமிழ் போதும்" என்கிறான். யாழ்ப்பாணத்துக்காரன் "இங்கிலீஷ் வேணும்" என்கிறான். ஆண்டர்சனின் தமிழ்ப் பற்றை வைத்து அவரைத் தமிழ்வழிக் கல்வியின் முன்னோடி என்று சொல்லிவிடலாமா? மலை மேல் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். 1901இல் கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்காக 'ஹைகிளர்க்' என்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். அமெரிக்கப் பாடத்திட்டம், அமெரிக்கக் கல்லூரிக்கு நேராகப் போகிற படிப்பு. கீழ்நாட்டுப் பிள்ளைக்கு ஒரு படிப்பு, மேல்மலையில் சொந்தப் பிள்ளைக்கு ஒரு படிப்பு. (அந்தப் பள்ளி பிற்பாடு இந்தியப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி ஆனது, 1976இல் ஐ.பி. படிப்பை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்ததும் அதுதான். கட்டணம் கட்ட முடிகிற இந்தியர்களுக்கு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

இதைச் சொன்னபோது பட்டறையில் ஒருவர் பட்டென்று சொன்னார்: "அப்ப நம்மாளுங்க மாதிரிதான். மேடையில தமிழ் வழி, வீட்டுப் பிள்ளைக்குக் கான்வென்ட்." யாரும் சிரிக்கவில்லை. என் மகள் படித்தது ஆங்கில வழியில். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் அதே கதைதான் என்று எனக்குத் தெரியும்.

பெய்ரூட்டுக்கு வருவோம். போர்டின் ஊழியராக இருந்த டேனியல் பிளிஸ் 1866இல் 16 மாணவர்களோடு 'சிரியப் புராட்டஸ்டண்ட் கல்லூரி'யைத் தொடங்கினார். நிர்வாகம் போர்டிலிருந்து பிரிந்த தனி அறங்காவலர் குழுவிடம். குழு கூடுவது நியூயார்க்கில். 1920இல் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்று பேர் மாறியது இதுதான். முதலில் பாடமொழி அரபி. மருத்துவமும் அரபியில். கொர்னேலியஸ் வான் டைக், ஜார்ஜ் போஸ்ட் போன்ற அமெரிக்கர்களே அரபியில் பாடநூல் எழுதினார்கள்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1847இல் வந்து, இடையில் ஒரு முறை ஊருக்குப் போய்த் திரும்பி, 1873இல் விடைபெற்றவர். முப்பதுக்கு மேற்பட்டவர்களைத் தமிழிலேயே டாக்டர்களாக்கினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று கனத்த புத்தகங்கள் அவரும் அவர் மாணவர்களும் சேர்ந்து தமிழில் கொண்டுவந்தவை. தமிழில் அறிவியல் முடியுமா என்று இன்றைக்கும் கருத்தரங்கம் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தமிழில் படித்தவன் கையில் கத்தியை எடுத்து அறுவை செய்திருக்கிறான்.

இரண்டும் நிலைக்கவில்லை. கொழும்பில் 1870இல் ஆங்கிலத்தில் மருத்துவப் பள்ளி வந்தது; அரசாங்க உத்தியோகத்துக்கு அந்தச் சான்றிதழ்தான் செல்லும். கிறீனின் தமிழ் வைத்தியம் அவரோடு மங்கியது. பெய்ரூட்டில் 1880களில் பாடமொழி ஆங்கிலமானது. அங்கே அதற்கு முன்னால் ஒரு ரகளை நடந்தது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சயீதின் பக்கங்களில் விட்டுப்போனது இந்த மாதிரி ஆட்கள்தான்.

1882 பட்டமளிப்பு விழாவில் எட்வின் லூயிஸ் என்ற வேதியியல் பேராசிரியர் அரபியில் பேசினார். பேச்சில் டார்வினைக் கொஞ்சம் மரியாதையாகக் குறிப்பிட்டுவிட்டார். அரபியில் பேசியதால் அது ஊருக்கே கேட்டது. கல்லூரிக்குள்ளேயே பிறந்து 1876 முதல் வந்துகொண்டிருந்த 'அல்-முக்ததஃப்' என்ற அறிவியல் இதழ் அதை அச்சிட்டது. எதிர்ப்பும் பதிலும் அடுத்தடுத்த இதழ்களில். நம் சிற்றிதழ் விவாதங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு புரியும். நியூயார்க் கோபப்பட்டது. லூயிஸ் விலக நேர்ந்தது. அவருக்காக வான் டைக்கும் ராஜினாமா. மருத்துவ மாணவர்கள் மனுக் கொடுத்தார்கள், வகுப்பைப் புறக்கணித்தார்கள். கல்லூரி அசையவில்லை. பலர் வெளியேறினார்கள். அப்படி வெளியேறிய ஜுர்ஜி ஜைதான் கெய்ரோ போய் 1892இல் 'அல்-ஹிலால்' இதழைத் தொடங்கினார். 'முக்ததஃப்'பும் அதற்கு முன்பே கெய்ரோவுக்கு இடம்பெயர்ந்திருந்தது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு கல்லூரி ஆசிரியர்களிடம் மத உறுதிமொழி கேட்டது. மருத்துவப் பாடமும் ஆங்கிலத்துக்கு மாறியது.

மொழி மாற்றத்துக்கு வேறு காரணங்களும் சொன்னார்கள்: புத்தகம் இல்லை, ஆசிரியர் கிடைக்கவில்லை, மாணவர்களே ஆங்கிலம் கேட்கிறார்கள். அதெல்லாம் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் அரபியில் நடக்கிற கல்லூரியில் உள்ளூர்க்காரன் வாதத்துக்கு வருவான், பத்திரிகையில் எழுதுவான், பேராசிரியரையே மடக்குவான். ஆங்கிலத்துக்கு மாறியதும் சத்தம் குறைந்துவிடும். தாய்மொழியில் பாடம் நடத்துவது ஒரு சலுகையாக இருக்கிறவரைக்கும் ஆட்சேபணையில்லை. அது எதிர்ப்பேச்சுக்கு வழிவிடும்போதுதான் அறங்காவலர்களுக்குத் தூக்கம் கெடுகிறது என்று வாசிக்க இடமிருக்கிறது.

வட்டுக்கோட்டையில் ஆங்கிலத்தை எடுத்தார்கள், பெய்ரூட்டில் ஆங்கிலத்தைக் கொடுத்தார்கள். திசை எதிரெதிர். எடுப்பதும் கொடுப்பதும் யார் என்பதில் மட்டும் மாற்றமில்லை. மேற்கத்தியத் தாக்கம் என்பதைப் பாடத்திட்டத்திலும் பாடமொழியிலும் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. மொழிக்கு முடியுமா முடியாதா என்ற கேள்விக்கு டமாஸ்கஸ் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1919இல் அங்கே மருத்துவத்தை அரபியில் தொடங்கினார்கள். பிரெஞ்சு ஆட்சி வந்து போனது, எத்தனையோ ராணுவப் புரட்சிகள், 2011க்குப் பிறகு நாடே சிதைந்தது. சிரியாவில் டாக்டர் படிப்பு இன்னமும் அரபியில்தான். அங்கே தீர்மானம் போட்ட அறை டமாஸ்கஸிலேயே இருந்தது.

நம் ஊரில் அறை சென்னையில் இருந்தும் என்ன ஆனது? அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பொறியியலைத் தமிழில் தொடங்கியது. 2023இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அதை நிறுத்துவதாக அறிவித்து, கூச்சல் எழுந்ததும் பின்வாங்கியது. சேர ஆளில்லை என்றார்கள். கிறீன் கதைதான் மறுபடியும்: பாடம் தமிழில் இருக்கிறது, வேலைக்கு எடுக்கிற கம்பெனி தமிழில் இல்லை. அறையை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் மூடி மறைக்க முடியாது. மேற்கத்திய அறையை எதிர்த்து நம்மவர்கள் சொந்த அறை கட்டியபோது அதன் வாசல் எப்படி இருந்தது? பெய்ரூட்டில் புத்ருஸ் அல்-புஸ்தானி, யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர். இருவரும் ஏறத்தாழ ஒரே வயது, 1819, 1822. இருவரும் மிஷனரிகளோடு உட்கார்ந்து பைபிள் மொழிபெயர்த்தவர்கள். புஸ்தானி அமெரிக்கர்களோடு, நாவலர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பெர்சிவலோடு. இருவரும் அவர்களிடம் கற்ற நுட்பத்தை — அச்சு, உரைநடை, வகுப்பறை ஒழுங்கு — கையிலெடுத்துச் சொந்தப் பள்ளி வைத்தார்கள். புஸ்தானி 1860 உள்நாட்டுக் கலவரத்தின் ரத்தம் காய்வதற்குள், 1863இல், எல்லா மதத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற 'தேசியப் பள்ளி'யைத் தொடங்கினார். அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே, 1848இல், நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். நாவலரின் உழைப்பும் உரைநடையும் பெரிய விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கட்டிய சைவக் கல்வி சாதி ஒழுங்கைத் தொடாமல் விட்டது மட்டுமில்லை, காவலும் காத்தது. புஸ்தானி தன் ஊரின் பிளவைப் பார்த்து வாசலை அகலமாக வைத்தார். நாவலர் தன் ஊரின் பிளவையே வாசற்படியாக்கினார்.

மிஷன் மட்டும் யோக்கியமா என்றால், வட்டுக்கோட்டை மாணவர்களிலும் மிகப் பெரும்பாலோர் வெள்ளாளர்கள். சாதிக்கு வளைந்துகொடுத்துத்தான் அமெரிக்கர்களும் பள்ளி நடத்தினார்கள். ஆனாலும் சென்னையில் 1894 முதல் பஞ்சமர் பள்ளிகள் நடத்தியது ஆல்காட் என்ற அமெரிக்கர். அயோத்திதாசர் அவரோடு கைகோத்ததும், 1898இல் சேர்ந்து இலங்கைக்குப் போனதும் வேடிக்கைக்காக இல்லை. அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போனார். சயீத் பிற்காலத்தில் பாடம் நடத்திய அதே கொலம்பியா. சயீதுக்கு மேற்கத்தியப் பல்கலைக்கழகம் தன்னைத் தன்னிடமிருந்தே பிடுங்கிய இடம். அம்பேத்கருக்கு அது, உட்காரப் பெஞ்சு கொடுத்த இடம். இந்த இரண்டு அனுபவத்தையும் ஒரே 'காலனியக் கல்வி' என்ற பையில் போட்டுக் கட்ட நம் பின்காலனியக்காரர்கள் எப்படித் துணிகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 'பூர்வீக அறிவு' என்று உருகுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தெருவின் அறிவு?

இரண்டாம் நாள் மத்தியானம் வெயில் அடித்தது. செண்பகனூர் வரைக்கும் இறங்கினோம். 1895இல் சேசு சபையினர் அங்கே திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பாம்பும் பறவையும், மலையின் கல்திட்டைகளிலிருந்து எடுத்த பானைகளும். அந்தக் கல்திட்டைகளைப் பற்றி அங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் எழுதிய ஆங்கில ஆய்வு 1928இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. மறுபக்கத்து உச்சியில் சூரிய ஆய்வுக்கூடம்; 1899இல் நிறுவியது. 1909இல் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளியில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கேதான். நூற்றாண்டைத் தாண்டி சூரியனைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மலையின் கல், செடி, சூரியன் எல்லாம் ஆய்வாகிவிட்டது. மலைக்காரன் எங்கே படித்தான்? தமிழ்நாட்டு அரசு இந்த மலையில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவியது 1984இல். செண்பகனூருக்கும் அதற்கும் இடையில் எண்பத்தொன்பது வருஷம்.

வளைகுடாவை மறந்துவிடவில்லை. கத்தார் தன் எண்ணெய், எரிவாயுப் பணத்தில் தோஹாவில் 'எஜுகேஷன் சிட்டி' கட்டி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கிளைகளை வரிசையாகக் கொண்டுவந்து வைத்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2003இல் வந்தது. செலவெல்லாம் கத்தாருடையது. 2024 பிப்ரவரியில் டெக்சாஸில் கூடிய நிர்வாகக் குழு ஏழுக்கு ஒன்று என்ற ஓட்டில், 2028க்குள் அந்தக் கிளையை மூடுவது என்று தீர்மானித்தது. 1855இல் பணமும் பாஸ்டனுடையது, தீர்மானமும் பாஸ்டனுடையது. இப்போது பணம் அரபுக்காரனுடையது, தீர்மானம் மட்டும் அங்கே. நம் தோழர் சொன்ன மாதிரி காசு இருக்கிறதுதான். காசு கொடுத்து வாங்க முடியாத சாமான் எது என்று தோஹாவில் தெரிந்துபோனது. இங்கேயும் பல்கலைக்கழக மானியக் குழு 2023 நவம்பரில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளைகளுக்கு விதி வகுத்துக் கதவைத் திறந்துவிட்டது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் கடை திறந்துவிட்டன.

நாம் சும்மா இருந்தோமா? ஹார்வர்டில் தமிழ் இருக்கை வைக்க உலகத் தமிழர்களிடம் வசூல் நடந்தது. அறுபது லட்சம் டாலர். தமிழ்நாட்டு அரசு 2017இல் பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது. ஹார்வர்ட் இருப்பது பாஸ்டனுக்கு ஆற்றுக்கு அக்கரையில். ஒரு காலத்தில் பாஸ்டன் பக்கத்துப் புண்ணியவான்கள் காசனுப்பித் தமிழ்ப் பையனுக்குப் பேர் வைத்தார்கள். இப்போது நாம் காசனுப்பி அங்கே ஒரு நாற்காலிக்குத் தமிழ் என்று பேர் வாங்கியிருக்கிறோம். நாற்காலியில் யார் உட்காருவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். கொடுத்தவர்களின் ஆசையைக் கேலி செய்யவில்லை. நானே ஒரு சின்னத் தொகை கொடுத்தவன்தான். ரசீது மின்னஞ்சலில் வந்தது, ஆங்கிலத்தில்.

சாயங்காலம் கடைசி பஸ்ஸில் வத்தலக்குண்டு இறங்கினோம். பக்கத்து சீட்டில் பட்டறைக்கு வந்திருந்த ஒரு பெண். கீழ்மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி. இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசாமல் குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தவள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் நோட்டை மடியில் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணே, வட்டுக்கோட்டைய மூடுனாங்கன்னு சொன்னீங்கல்ல. அப்ப அங்க படிச்சிட்டு இருந்தவங்க என்ன ஆனாங்க?"

நான் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தேன். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள், தாமோதரம்பிள்ளை ஒருவர், விசுவநாதபிள்ளை ஒருவர், தொல்காப்பியம், கலித்தொகை எல்லாம் பதிப்பித்தவர் தாமோதரம்பிள்ளை... சொல்லிக்கொண்டே வரும்போதுதான் உறைத்தது. தாமோதரம்பிள்ளை 1852இலேயே படிப்பை முடித்துவிட்டவர். மூடும்போது அவர் அங்கே இல்லை.

"அவரு முன்னாடியே முடிச்சிட்டுப் போயிட்டாருல்ல?" என்றாள். நோட்டில் எழுதி வைத்திருந்தாள் போல. "நான் கேட்டது பாதியில நின்னவங்கள."